தாய்மார் உயிர் காத்த லூசி வில்ஸ் அம்மையார்

மாட்டுங்காவிலிருந்தும் தாராவியிலிருந்தும் தெற்கு நோக்கிச் செல்வோர் தாதரைக் கடந்ததும் பரேல் என்னும் பகுதியை அடைவர். பம்பாய் மாகாண ஆளுநர்கள் ஒரு காலத்தில் வாழ்ந்த பழைய மாளிகை அங்கே இன்றும் நிற்கின்றது. 1899ஆம் ஆண்டு முதல் அது மருத்துவ ஆராய்ச்சிக் கூடமாக விளங்கி வருகின்றது. கொள்ளை நோய்க்குத் தடுப்பூசி கண்ட ஹாஃப்கின் என்னும் பேரறிஞரின் பெயரை அக்கூடம் 1925இல் பெற்றது. நம்மிற் பலர் அதன் மதிலோரமாக நாள்தோறும் நடந்து செல்கின்றோம். ஆயினும், ஏழைத் தாய்மாரின் உயிரைக் காக்கும் பொருள் ஒன்றைத் தேடி ஒரு பெண்மணி அம்மாளிகையில் ஆண்டுக்கணக்கில் உழைத்தார் என்பதை நம்மில் அறிந்தோர் சிலரே. உலக மருத்துவ நூல்கள் போற்றும் லூசி வில்ஸ் அம்மையாரே அவர். பம்பாயில் தொடங்கித் தமிழகத்திலும் தொடர்ந்தது அவர்தம் பணி. எனவே, பம்பாய்வாழ் தமிழராகிய நாம் அவர் வரலாற்றை அறிந்து கொள்வது சாலப் பொருத்தமாகும்.

இளமையும் கல்வியும்

லூசி வில்ஸ் இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரை அடுத்த சட்டன் கோல்டுஃபீல்டு என்னும் ஊரில் 1888ஆம் ஆண்டு மே திங்கள் 10ஆம் நாள் பிறந்தார். அறிவியலில் பற்றுடைய குடும்பம் அது. அவர்தம் உடன்பிறந்தார் லெனார்டு வில்ஸ் பிற்காலத்தில் புகழ் வாய்ந்த நிலவியல் பேராசிரியரானார். லூசி செல்டனம் மகளிர் கல்லூரியிலும், பின்னர்க் கேம்பிரிட்ஜில் நியூனம் கல்லூரியிலும் பயின்றார். அவர் சிறப்பாகக் கற்றவை தாவரவியலும் நிலவியலுமாகும். 1911இல் தேர்வில் வெற்றி பெற்றார். எனினும் பட்டம் அவருக்குக் கிடைக்கவில்லை. அந்நாளில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பெண்களைத் தேர்வெழுத விடுமேயன்றிப் பட்டம் அளிக்காது. ஆடவரோடொப்பப் பெண்களுக்கும் அது முழுப்பட்டம் வழங்கத் தொடங்கியது 1948இல்தான்.

1911இல் தந்தையாரையும், ஈராண்டுகளில் தமக்கை தங்கையருள் ஒருவரையும் அவர் இழந்தார். 1913இல் தாயாருடன் இலங்கைக்குச் சென்று வந்தார். மறு ஆண்டு தென்னாப்பிரிக்காவுக்குச் சென்றிருந்தபோது முதல் உலகப் போர் மூண்டது. அங்கே சில காலம் செவிலியராகத் தொண்டு புரிந்தார். நோயுற்றோர்க்கு உதவுவதே தம் வாழ்வின் வழி என்று அப்போது துணிந்தார் போலும். 1915இல் இலண்டன் மகளிர் மருத்துவப் பள்ளியிற் சேர்ந்து, 1920இல் தம் 32ஆம் வயதில் மருத்துவரானார். மருத்துவம் பார்த்துப் பொருளீட்டும் நெறியை அவர் நாடவில்லை. இராயல் ஃப்ரீ மருத்துவமனையில் கருவுற்ற மகளிரின் உடலில் நிகழும் மாறுதல்களை ஆராயும் பணியை மேற்கொண்டார்.

பரேலில் பணி

அந்நாளில் இந்தியாவில் மகப்பேற்றின்போது மாளும் தாய்மாரின் தொகை மிகப் பெரிது. மார்கரெட் பால்ஃபர் என்னும் பெண் மருத்துவர் இக்கொடுமையின் காரணங்களை ஆராய முற்பட்டிருந்தார். அவர்தம் அழைப்பின்பேரில் 1928இல் லூசி வில்ஸ் பம்பாய்க்கு வந்தார். இந்திய ஆராய்ச்சி நிதிக் கழகத்தின் சார்பில் ஹாஃப்கின் நிலையத்தில் அவர்தம் ஆராய்ச்சி தொடங்கியது.

பஞ்சாலைகள் நிறைந்திருந்த பரேல் பகுதியில், ஆலைத் தொழிலாளப் பெண்டிரையும் பிற ஏழைப் பெண்டிரையும் ஒரு நோய் வாட்டியது. கருவுற்ற பிற்பகுதித் திங்கள்களில் அவர்கள் உடல் வெளுக்கும், நாலடி நடந்தால் மூச்சு வாங்கும், கால்கள் வீங்கும், உணவு செல்லாது. மகப்பேற்றின் குருதியிழப்பைத் தாங்க இயலாமற் பலர் உயிர் நீத்தனர். இது வெறும் இரும்புச் சத்துக் குறைவால் வரும் சோகை அன்று. இரும்புக் குறைவால் வரும் சோகையில் குருதியின் சிவப்பணுக்கள் சிறுத்து வெளுத்திருக்கும். இந்நோயிலோ, அணுக்களின் தொகை மிகக் குறைந்தும், இருக்கும் அணுக்கள் அளவிற் பெருத்தும் காணப்பட்டன.

அம்மையார் நுண்ணோக்கியோடு மட்டும் அமைந்துவிடவில்லை. அப்பெண்கள் எவ்வாறு வாழ்கின்றனர், எதை உண்கின்றனர் என்பனவற்றையும் விரிவாக ஆராய்ந்தார். மேத்தா, தல்பதே முதலிய இந்திய ஆய்வாளர்கள் அவருக்குத் துணை நின்றனர். ஒரே நகரத்தில், ஒரே தட்பவெப்பத்தில் வாழ்வோருள்ளும், கீரையும் காய்கனியும் புரதமும் குறைந்த உணவை உண்ட ஏழையரிடத்தே இந்நோய் மிகுந்திருந்தது. நல்லுணவு உண்டோரிடத்தே அரிதாயிருந்தது. எனவே, நோயின் வேர் கிருமியில் இல்லை, உண்கலத்தில் இருக்கின்றது என்னும் ஐயம் அவர் உள்ளத்தில் வலுப்பெற்றது.

குன்னூரும் திருவல்லிக்கேணியும்

1929இல் அம்மையார் சில திங்கள் நீலகிரி மலையில் குன்னூரிலுள்ள பாஸ்டர் நிலையத்தில் ஆராய்ச்சி செய்தார். உணவு ஆராய்ச்சியில் புகழ் பெற்ற இராபர்ட் மக்காரிசன் அங்கே தலைவராயிருந்தார். பம்பாய் ஏழைப் பெண்கள் உண்ட உணவைப் போன்றதையே எலிகளுக்கு அளித்துப் பார்த்தார் அம்மையார். எலிகள் சோகையுற்று, குட்டி ஈனுமுன்னரே மாண்டன. ஈஸ்டு என்னும் நொதிப் பொருளைச் சேர்த்துக் கொடுத்தபோது அவை பிழைத்தன. ஆயினும், எலிகளின் சோகைக்குப் பேன் வழியாகப் பரவும் ஒரு கிருமியும் காரணமாயிருந்தது என்று பின்னர்த் தெரிய வந்தது. அம்மையார் சோர்வடையவில்லை. குரங்குகளுக்கு அவ்வகை உணவையே அளித்து ஆராய்ந்தார். மனிதர்க்கு வரும் சோகையை ஒத்ததே குரங்குகட்கும் வந்தது. ஈஸ்டுச் சாறு அதனைத் தீர்த்தது.

அந்நாளில் சோகைக்குச் சிறந்த மருந்தாகக் கருதப்பட்டது ஆட்டின் அல்லது மாட்டின் ஈரல். அமெரிக்க அறிஞர்களான மைனாட்டும் மர்ஃபியும் 1926இல் அதனைக் கண்டனர். 1934இல் நோபெல் பரிசும் பெற்றனர். ஆனால் ஈரல் விலை மிகுந்தது. புலால் உண்ணாத குடும்பத்துப் பெண்கள் அதனைத் தொடவும் மாட்டார்கள். அம்மையார் கையாண்டதோ, பீர் ஆலைகளில் எஞ்சும் ஈஸ்டிலிருந்து செய்யப்பட்டு, மார்மைட் என்னும் பெயரில் விற்கப்பட்ட உப்புக் கரிக்கும் பழுப்பு நிறக் களிம்பு. இங்கிலாந்தில் ரொட்டியின்மேல் தடவி உண்ணும் எளிய பொருள் அது. அதனை உண்ட சில நாள்களில் நோயாளிக்குப் பசி திரும்பியது. இளஞ்சிவப்பணுக்கள் குருதியிற் பெருகின. வெளுத்த முகம் தெளிந்தது.

1931இன் தொடக்கத்தில் அம்மையார் சென்னைக்கு வந்து, திருவல்லிக்கேணியில் மக்கள் கோஷா ஆஸ்பத்திரி என்று வழங்கும் மகளிர் மருத்துவமனையில் பணி புரிந்தார். இன்று அது அரசு கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை எனப் பெயர் பெற்றுள்ளது. 1885இல் அதனை நிறுவிய மேரி சார்லீப் அம்மையாரும் லூசி வில்ஸ் கற்ற அதே இலண்டன் மகளிர் மருத்துவப் பள்ளியிற் கற்றவரே. பம்பாயில் ஆலைத் தொழிலாளப் பெண்கள் பெற்ற பயனைச் சென்னைத் தாய்மாரும் பெற்றனர். அவ்வாண்டிலேயே இம்முடிவுகள் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளிவந்து உலகின் கவனத்தை ஈர்த்தன.

பெயரில்லாப் பொருள்

ஈஸ்டில் உள்ள எப்பொருள் நோயைத் தீர்த்தது? 1937இல் அம்மையாரும் அவர்தம் துணைவர்களும் ஓர் அரிய உண்மையை நாட்டினர். நன்கு தூய்மை செய்யப்பட்ட ஈரற் சாறு, கொடிய சோகை என்னும் வேறொரு நோயைத் தீர்த்தது. ஆனால் இச்சோகையைத் தீர்க்கவில்லை. தூய்மை செய்யப்படாத ஈரற் சாறும் ஈஸ்டும் இதனைத் தீர்த்தன. எனவே, இரண்டும் வெவ்வேறு பொருள்களாதல் வேண்டும். பெயரறியா அப்பொருளை அறிஞர்கள் வில்ஸ் காரணி என்று வழங்கினர்.

அக்காலத்தில் வேறு சில ஆய்வாளர்கள், நுண்ணுயிர்கள் வளர்வதற்கு இன்றியமையாத ஒரு பொருளைத் தேடிக் கொண்டிருந்தனர். 1941இல் அமெரிக்காவில் நான்கு டன் பசலைக் கீரையிலிருந்து அப்பொருளைப் பிரித்தெடுத்து, இலை என்னும் பொருள்படும் இலத்தீன் சொல்லால் ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர். நுண்ணுயிரை வளர்த்த அப்பொருளும், பரேல் பெண்களைப் பிழைக்கச் செய்த பொருளும் ஒரே குடும்பத்தைச் சார்ந்தவை என்பது பின்னர்ப் புலனாயிற்று. 1945இல் அதனைச் செயற்கையாக ஆக்கிய லெடர்லி ஆய்வுக்குழுவின் தலைவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். அவர் கோதாவரிப் பகுதியின் பீமவரத்திற் பிறந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்றவர். அவர்தம் உடன்பிறந்தார் இருவரைச் சில நாள் இடைவெளியில் கொண்டு சென்ற ஸ்புரூ என்னும் குடல் நோய், இச்சத்தை உடல் ஏற்கவொட்டாமல் தடுக்கும் நோயாகும்.

படலத்தின் வாயிலில்

இப்பொருள் இல்லாவிடில் சோகை வருவதேன்? அம்மையார் காலத்தில் விடை காணப்படாத இக்கேள்விக்கு இன்றைய அறிவியல் விளக்கம் தருகின்றது. நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவையும் மெல்லிய கொழுப்புப் படலம் ஒன்று சூழ்ந்துள்ளது. அப்படலத்தில் ஏற்பிகள் எனப்படும் புரதங்கள் பதிந்துள்ளன. வெளியிலிருந்து வரும் பொருள், தன் வடிவிற்கேற்ற ஏற்பியைக் கண்டால் அதனோடு பொருந்தும், ஏனையவற்றோடு பொருந்தாது. பூட்டுக்கேற்ற திறவுகோல் போன்றது இப்பொருத்தம். ஆயினும் பொருந்தியவுடன் ஏற்பியின் வடிவமும் நிலையும் மாறுதலுறும் என்பதை மறத்தலாகாது.

உயிரணுவை வளரவும் பெருகவும் தூண்டும் பொருள்கள் வளர்ச்சிக் காரணிகள் எனப்படும். இத்துறைக்கு வழி திறந்த ரீத்தா லெவி மொந்தால்சினி அம்மையாரும் ஸ்டான்லி கோகனும் 1986இல் நோபெல் பரிசு பெற்றனர். குருதியில் உயிர்வளி குறைந்தால் சிறுநீரகம் எரித்ரோபொயட்டின் என்னும் வளர்ச்சிக் காரணியைச் சுரக்கின்றது. அது எலும்பு மஜ்ஜையிலுள்ள இளம் அணுக்களின் படலத்தை அடைந்து, அங்குள்ள ஏற்பிகள் இரண்டனை ஒருங்கே பற்றுகின்றது. அவை இரண்டும் நெருங்கி நின்றவுடன், படலத்தின் உட்புறத்தில் ஏற்பிகளோடு ஒட்டியிருக்கும் நொதிகள் விழித்தெழுந்து ஏற்பிகளின்மேல் பாஸ்பேட் கூறுகளைப் பதிக்கின்றன. அதுவே பெருகுக என்னும் ஆணையாக உள்ளே செல்கின்றது. வளர்ச்சிக் காரணி வாயிலுக்கு வெளியே நின்றே தன் செய்தியை உள்ளே அனுப்பி விடுகின்றது.

ஆணை வந்தால் மட்டும் போதுமா? ஓர் அணு இரண்டாகப் பிரிய வேண்டுமாயின், மரபுப் பொருளாகிய டி.என்.ஏ.வை முதலில் இரட்டிக்க வேண்டும். அதற்குரிய கூறுகளுள் ஒன்றை ஆக்குவதற்கு ஃபோலிக் அமிலச் சத்து வேண்டும். ஆலைக்கு வேட்டிகள் வேண்டுமென்று கட்டளை மேற்கட்டளையாக வருகின்றது, தறியும் ஓடுகின்றது, நூலோ இல்லை என்றால் என்ன ஆகும்? பரேல் பெண்களின் எலும்பு மஜ்ஜையில் நிகழ்ந்தது இதுவே. சோகை மிக மிக, சிறுநீரகம் ஆணைகளை அனுப்பிக் கொண்டே இருந்தது. அணுக்கள் அவ்வாணைகளை ஏற்றுப் பருத்தன. ஆனால் பிரிய இயலவில்லை. பல அணுக்கள் மஜ்ஜையிலேயே மடிந்தன. எஞ்சியவை பெருத்த உருவோடு குருதிக்கு வந்தன. அம்மையார் நுண்ணோக்கியிற் கண்ட பேரணுக்கள் இவ்வாறு தோன்றியவையே.

கருவுற்றோரை இந்நோய் தேடி வருவதேன் என்பதற்கும் விடை படலத்தில் இருக்கின்றது. ஃபோலிக் அமிலச் சத்திற்கென்றே தனி ஏற்பி ஒன்று உண்டு. 2013இல் அதன் வடிவம் தெளிவாகக் காணப்பட்டது. அதில் ஆழ்ந்த குழி ஒன்றுள்ளது; சத்தின் ஒரு முனை அக்குழிக்குள் புதைந்து இறுகப் பொருந்துகின்றது. பின்னர்ப் படலம் உட்குழிந்து, ஏற்பியையும் சத்தையும் ஒரு சிறு பை போல் உள்ளே கொள்கின்றது. பைக்குள் புளிப்பு ஏறியதும் பிடி தளர்ந்து சத்து விடுபடுகின்றது. வளர்ச்சிக் காரணி வாயிலில் செய்தி சொல்லும் தூதர் போன்றது. இதுவோ உள்ளே அழைத்துக் கொள்ளப்படும் விருந்து. இவ்வேற்பிகள் நஞ்சுக்கொடிப் பகுதியில் மிகுந்துள்ளன. தாயின் குருதியில் அருகிவரும் சத்தையும் அவை பற்றிக் குழந்தைக்கு அளிக்கின்றன. பிறக்கும் குழந்தையின் குருதியில் தாயின் குருதியிலிருப்பதினும் மிகுதியாக இச்சத்து காணப்படுவது இதனாலேயே ஆகும். தாய் தன்னை வருத்திக் கொண்டு சேயை ஊட்டுகின்றாள் என்பது படலத்தின் அளவிலும் உண்மையாகின்றது. அவள் உண்கலத்தில் அச்சத்து இல்லையெனில், முதலில் வற்றுவது அவள் குருதியே.

பிற்கால வாழ்வு

1937இன் இறுதியில் அம்மையார் கடல் விமானம் வழியாக மீண்டும் இந்தியாவுக்கு வந்து, ஹாஃப்கின் நிலையத்தில் 1938 வரை பணியாற்றினார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இராயல் ஃப்ரீ மருத்துவமனையில் நோய்க்குறியியல் துறையிற் பணி புரிந்தார். 1944இல் பறக்கும் குண்டு ஒன்று அம்மருத்துவமனையைத் தாக்கியது. சில நாள்களில் பணி மீண்டும் தொடங்கியது. 1947இல் ஓய்வு பெற்ற பின்னும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. ஜமைக்கா, ஃபிஜி, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளுக்குச் சென்று ஏழை மக்களின் உணவையும் சோகையையும் ஆராய்ந்தார். இலண்டனில் செல்சி பகுதியின் நகர மன்ற உறுப்பினராகத் தொழிற்கட்சியின் சார்பில் தொண்டு புரிந்தார். அவர் மணம் புரிந்து கொள்ளவில்லை. 1964ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள், தம் 75ஆம் வயதில் இயற்கை எய்தினார்.

அவர் தேடிய பொருளின் பயன் அவர் காலத்தோடு முடியவில்லை. 1948இல், இச்சத்தின் உருவை ஒத்த, ஆனால் அதன் செயலைத் தடுக்கும் மருந்தைக் கொண்டு, குழந்தைகளின் குருதிப் புற்றுநோயைச் சில காலம் தணிக்க முடியும் என்று பாஸ்டன் நகரில் சிட்னி ஃபார்பர் காட்டினார். அம்மருந்தை அளித்தது சுப்பாராவின் குழுவாகும். அதன் வழிவந்த மெத்தோட்ரெக்சேட் இன்றும் உலகெங்கும் புற்றுநோய் மருத்துவத்தில் கையாளப்படுகின்றது. தாய்க்கு அணுக்கள் பெருக வேண்டியபோது சத்தை அளித்தலும், புற்று அணுக்கள் பெருகாதிருக்க வேண்டியபோது அதே சத்தைத் தடுத்தலும் ஆகிய இருவகை மருத்துவமும் ஓர் அறிவினின்றும் கிளைத்தவை. 1991இல் வெளியான பெரியதோர் ஆய்வு, முன்பு இத்தகைய குறையுடைய குழந்தையைக் கருவுற்ற தாய்மார்கள், மறுமுறை கருவுறும் முன்னரே இச்சத்தை உண்டால், மூளையும் தண்டுவடமும் குறையாய் அமையும் இடர் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நீங்கும் என்று காட்டியது.

ஆயினும், அம்மையார் தொடங்கிய பணி நம் நாட்டில் இன்னும் முற்றுப் பெறவில்லை. 2019 முதல் 2021 வரை எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் கருவுற்ற பெண்களுள் நூற்றுக்கு 52 பேர் சோகையுற்றிருந்தனர். அவர்களுட் பலர்க்குக் காரணம் இரும்புக் குறைவே. எனினும் ஃபோலிக் அமிலக் குறைவும், பி12 என்னும் உயிர்ச்சத்தின் குறைவும் உடன் சேர்வதுண்டு. ஒன்றன் குறையை மற்றொன்று மறைத்துவிடக் கூடுமாதலின், குருதியைச் சோதித்து மருத்துவர் சொல்வதைக் கேட்டலே நன்று. கருவுற்றோர்க்கு அரசு அளிக்கும் மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளன. வாய் கசக்கின்றது, வயிறு புரட்டுகின்றது என்று அதனைப் பெட்டியில் வைத்து மூடிவிடும் வழக்கம் தாராவியிலும் உண்டு, செம்பூரிலும் உண்டு. கீரையை நெடுநேரம் கொதிக்க வைத்து, நீரை வடித்துக் கொட்டும் வழக்கமும் உண்டு. சத்தின் பெரும்பகுதி அந்நீரோடு போய்விடுகின்றது.

நம் இல்லங்களில் மகளோ மருமகளோ கருவுற்றிருக்கும்போது வளைகாப்பைச் சிறப்பாக நடத்துகின்றோம்; புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும் பரிமாறுகின்றோம். அந்நாளில் அவள் மாத்திரையை உண்டாளா என்றும் ஒரு சொல் கேட்போமாக. பரேல் வழியே அடுத்த முறை செல்லும்போது, அப்பழைய மாளிகையை ஒருகணம் நின்று நோக்குவோமாக. பட்டம் மறுத்த நாட்டிலிருந்து வந்து, தமக்கு உறவல்லாத ஏழைப் பெண்கள் எதை உண்கின்றனர் என்று அக்கறையோடு கேட்டறிந்த அம்மையார் உழைத்த இடம் அது.